காந்தத்தை வெட்டச் சொன்ன பிள்ளை: 'ஆயிஷா'வும் நமது விஞ்ஞான எழுத்தும்

இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் பற்றி ஆசிரியர்கள் கூடும் இடத்திற் பேச்செடுத்தால் முதலில் வருவது கண்ணீர். பிறகு சிறிது மௌனம். பிறகு தேநீர். தொண்ணூறுகளில் 'கணையாழி' குறுநாவல் போட்டியிற் பரிசு பெற்ற இச்சிறு படைப்பு, தனி நூலாகி, தமிழகத்தில் இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. கடல் கடந்து நமது ஆசிரியர் கலாசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. நான் பயின்ற காலத்தில் எங்கள் விடுதியில் இருந்தது ஒரேயொரு ஒளிப்பிரதி. அதுவும் இரண்டு பக்கம் குறைவானது. அந்த இரண்டு பக்கங்களை ஆளுக்கொரு விதமாகக் கற்பனை செய்துகொண்டு வாசித்தோம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஞ்ஞான ஆசிரியை தான் எழுதிய நூலுக்கு எழுதும் முன்னுரையாகக் கதை அமைகிறது. அவளுடைய வகுப்பில் ஆயிஷா என்றொரு மாணவி. காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று தொடங்கி, பாடப் புத்தகத்துக்கு அப்பாற் போகும் கேள்விகளைக் கேட்கிறாள். மற்ற ஆசிரியர்கள் அடிக்கிறார்கள். அடி வலிக்காமல் இருக்க, உடலை மரத்துப்போகச் செய்யும் ஓர் இரசாயனத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தவளையிற் சோதித்துப் பார்த்துவிட்டுத் தன்னுடம்பிலும் ஏற்றிக்கொள்கிறாள். இறந்துபோகிறாள்.

இக்கதையின் பலம் மறுக்க முடியாதது. ஒரு பிள்ளையின் கேள்வியை உயிர்ப் பிரச்சினையாக்கிக் காட்டிய தமிழ்ப் புனைகதை இதற்கு முன் எதுவென்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென எதுவும் நினைவுக்கு வரவில்லை. முன்னுரை என்ற வடிவமும் சாமர்த்தியமானது. வழக்கமாக நாம் புரட்டித் தள்ளிவிடும் பகுதியிலேயே பிள்ளை புதைக்கப்பட்டிருக்கிறாள். பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர் மட்டுமல்லர். விளங்காததைத் திருப்பிக் கேட்டவர், பெரிய ஸஹாபாக்களின் அறிவிப்புகளைக்கூடத் திருத்தியவர் என்பது நமது வாசகர்கள் அறிந்ததே. நடராசன் இதை மனத்திற் கொண்டாரா என்பது வேறு விடயம். நமது பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அந்த எதிரொலியோடுதான் கேட்கிறது.

ஆயினும் இப்பிரதி மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆயிஷாவின் காந்தத்தை யாருமே வெட்டிப் பார்க்கவில்லை. அடிக்கும் ஆசிரியர்களை விட்டுவிடுவோம். அவர்கள் கதையின் தேவைக்காகச் சற்றுத் தட்டையாக வரையப்பட்டவர்கள். அவள்மீது அன்பு வைத்த ஆசிரியையும் அவளுக்குக் கொடுப்பது புத்தகங்களையும் பரிவையுந்தான். கதையில் நம் மனத்தில் நிற்கும் பரிசோதனை ஒன்றேயொன்று; அது மரணத்தில் முடிகிறது. பெரியவர்களான நாம் இதை வாசித்து அடிக்கக் கூடாது என்று படித்துக்கொள்கிறோம், நல்லது. பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை வாசித்தால் எதைப் படித்துக்கொள்ளும்? தானாகச் செய்து பார்ப்பது ஆபத்து என்பதையா?

காந்தக் கேள்விக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இரும்பறுக்கும் வாளின் உடைந்த அலகுத் துண்டொன்றை எடுத்து, பழைய வானொலியின் ஒலிபெருக்கிக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை உரசினால் அது காந்தமாகிவிடும். குறட்டாற் பிடித்து இரண்டாக ஒடித்துத் திசைகாட்டிக்குப் பக்கத்திற் கொண்டுபோனால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனை. மீண்டும் ஒடித்தால் மீண்டும் இரண்டு. வடமுனையை மட்டும் தனியே கழற்றி எடுக்க முடியாது. தரம் 8 பிள்ளைகள் இதைச் செய்யும்போது எங்கே நிறுத்துவது என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள்: "இன்னும் உடைக்கலாமா சேர்?" அந்தக் கேள்வி அணுவரை போகும். ஆயிஷா கேட்ட வழியும் ஏறக்குறைய அதுதான். அலகு ஒடிக்கும்போது கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும், துணியாற் சுற்றி ஒடிக்க வேண்டும். ஆசிரியன் பக்கத்தில் நிற்பது அதற்காகத்தான்.

எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேறோரிடத்திலும் கிடக்கிறது. புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைட்டு இருக்கிறது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். அங்குள்ள அரச கூட்டுத்தாபனம் அதை மற்ற மணலிலிருந்து பிரிப்பதற்குக் காந்தத்தையும் பயன்படுத்துகிறது. ஒரு பிடி மணலைத் தாளிற் கொட்டிக் கீழே காந்தத்தை அசைத்தால் சில மணிகள் ஓடும், சில அசையாமற் கிடக்கும். புல்மோட்டையில் உறவினர் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. மணல் கொண்டுவர ஆளுக்குப் பஞ்சமில்லை.

கையாற் செய்து கேள்விக்குப் போகும் இந்த வழியை ஒரு மாவட்டம் முழுவதற்குமான பாடத்திட்டமாக்கிக் காட்டியவர்கள் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். ஹோசங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டம் 1972இல் பதினாறு கிராமப் பாடசாலைகளில் ஆரம்பமானது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராமிய நிலையம் என்ற இரண்டு அமைப்புகள் தொடக்கி வைத்தன. 1982இல் 'ஏகலவ்யா' என்ற நிறுவனம் பொறுப்பேற்றது. 'பால வைஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகத்திற் பதில்கள் இல்லை. செய்ய வேண்டியவையும் கேள்விகளுந்தான். பதிலைப் பிள்ளைகள் தங்கள் கொப்பியில் எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தையும் கொப்பியையும் கொண்டுபோகலாம். இதை நமது வலயக் கல்வி அலுவலகம் ஒன்றிற் சொல்லிப் பாருங்கள்!

அத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது சவாலிராம் என்ற ஆள். சவால் என்றால் அங்கே கேள்வி. கேள்விராமன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியொரு மனிதர் உலகத்தில் இல்லை. பிள்ளைகள் கடிதம் எழுதுவதற்காக உருவாக்கப்பட்ட பெயர் அது. பிள்ளைகள் எழுதினார்கள், பதிலும் போனது. ஓர் இலக்கியப் பாத்திரம் என்ற வகையிற் சவாலிராமை ஆயிஷாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருத்தி கேள்வி கேட்டு இறந்தவள். மற்றவர் பிறக்காமலே கேள்விகளை வாங்கிக்கொண்டவர். நமது இலக்கியம் முதலாமவளைத் தந்தது. இரண்டாமவரை இன்னும் தரவில்லை.

2002இல் மாநில அரசு அத்திட்டத்தை மூடிவிட்டது. அப்போது ஏறத்தாழ ஆயிரம் பாடசாலைகளுக்கு அது பரவியிருந்தது. ஆயினும் அதன் விதைகள் வேறிடங்களில் முளைத்தன. எழுபதுகளில் அங்கு போய்ச் சேர்ந்த பொறியியலாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரியூப் துண்டுகளையும் கொண்டு முக்கோணமும் கூம்பகமும் கட்டக் காட்டினார். சதுரத்தை அழுத்தினாற் சாய்கிறது, முக்கோணம் சாய்வதில்லை. பாலத்துக்கும் கூரைக்கும் ஏன் முக்கோணம் வைக்கிறார்கள் என்பதற்கு அதைவிட மலிவான பாடம் கிடையாது. அவரது நூல்கள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் சில உண்டு. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தமிழில் என்ன நடந்தது? பெ.நா. அப்புசாமியின் பெயரை முதலிற் சொல்ல வேண்டும். 1891இற் பிறந்து 1986இல் மறைந்த அந்த வழக்கறிஞர், தொழிலோடு தொழிலாக ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் தமிழில் விஞ்ஞானம் எழுதியவர். அவருடைய தமிழ் தெளிந்த நீர். ஆனால் அது படித்த பெரியவரொருவர் திண்ணையில் இருந்து சொல்லும் தமிழ். கீழே இருந்து கேட்கும் பிள்ளையின் கையில் எதுவும் இல்லை. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்த நிலையை மாற்ற முயன்றது. அது புதுவை இயக்கத்தோடு சேர்ந்து 1987 முதல் வெளியிட்டுவரும் 'துளிர்' சஞ்சிகை, பிள்ளைகளைச் செய்ய வைக்கும் பக்கங்களைத் தொடர்ந்து தந்திருக்கிறது. நடராசனும் தலைமையாசிரியராக இருந்துகொண்டே சிறுவர் விஞ்ஞான நூல்கள் பலவற்றை எழுதினார். அவரது 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' 2014இல் சாகித்திய அக்காதெமியின் சிறுவர் இலக்கிய விருதைப் பெற்றது. வேதாளக் கதை மரபை விஞ்ஞானத்துக்குக் கொண்டுவந்தது நல்ல யோசனை என்பேன். வேதாளத்தின் குணமே கேள்வி கேட்பதுதானே.

இந்நூல்கள் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ வந்து சேரும்போது வேறொரு சிக்கல் தொடங்குகிறது. அது மொழிச் சிக்கல். தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலானது. நாங்கள் இரசாயனவியல் என்பதை அவர்கள் வேதியியல் என்கிறார்கள். பௌதிகவியல் அவர்களுக்கு இயற்பியல். நமது ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை, நமது கலம் அங்கே செல், நமது ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். இவற்றையெல்லாம் பிள்ளை ஒருவாறு சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதவை ஒரே சொல் இரண்டு பொருள் தருபவை. நாம் 'கதி' என்பதை அவர்கள் 'வேகம்' என்கிறார்கள். நாம் 'வேகம்' என்பது அவர்களுக்குத் 'திசைவேகம்'. நமது 'சக்தி' அவர்களுக்கு 'ஆற்றல்'. நமது 'வலு' அவர்களுக்குத் 'திறன்'. தமிழகத்து நூலை விரும்பி வாசித்த பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்தில் வேகத்துக்கு வரைவிலக்கணம் எழுதினாற் புள்ளி போய்விடும். ஆர்வத்துக்குக் கிடைக்கும் தண்டனை பிரம்பால் மட்டும் வருவதில்லை.

நமது கலைச்சொற்கள் குறைந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கிய மண் இது. சுதந்திரத்துக்குப் பிறகு சுயமொழிக் கல்விக்காகப் புலவர்களும் விஞ்ஞானிகளும் ஒன்றாக இருந்து சொற்றொகுதிகளை உருவாக்கினார்கள். காபனீரொட்சைட்டு என்ற சொல்லைப் பார்த்துச் சிரிப்பவர் சிரிக்கட்டும். காபன் ஒன்று, ஒட்சிசன் இரண்டு என்ற கணக்கை அச்சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கேட்பது இவ்வளவுதான்: தமிழகத்துச் சிறுவர் நூலொன்று இலங்கைக்கு வரும்போது கடைசிப் பக்கத்தில் இருபது சொற்களுக்கு ஓர் அட்டவணை. பதிப்பாளருக்கு அரைத் தாள் செலவு.

கலைச்சொல்லுக்கும் அப்பால் இன்னொரு தமிழ் இருக்கிறது. அதை எந்த நாட்டு நூலும் தொடுவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கச்சான் காற்றென்றால் என்னவென்று தெரியும். மேற்கிலிருந்து அனலாய் வீசும், உதடு வெடிக்கும், புல் கருகும். பாடப் புத்தகத்தில் தென்மேற் பருவக்காற்று மழை தருவது. இரண்டும் ஒரே காற்று என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை! மலைநாட்டில் ஏறி ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, இறங்கும்போது அமுக்கத்தாற் சூடேறி வறண்டு எங்களிடம் வருகிறது. அங்கே குடை, இங்கே வியர்வை. இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டால் காற்று, நீராவி, அமுக்கம் என்ற மூன்று பாடமும் ஒரே மாலையிற் கோக்கப்பட்டுவிடும். மீன்பிடிக்கும் வாப்பாவிடம் போய் வாடை எப்போது தொடங்கும், கச்சான் எப்போது விழும் என்று பிள்ளை கேட்டுவந்து எழுதினால் அதுவே ஒரு கட்டுரை.

இதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கை நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். எங்கள் கரைக்கு அலை வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். கிண்ணியாவில் வைத்தியசாலையே அலைக்குள் அகப்பட்டது. அன்று தாய்லாந்தின் புக்கட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் வழமைக்கு மாறாக நுரைத்ததைக் கண்டு இது சுனாமி என்று சொன்னாள். இரண்டு கிழமைக்கு முன் அவளுடைய புவியியல் ஆசிரியர் வகுப்பிற் காட்டிய படமொன்று அவளுக்கு நினைவிருந்தது. அந்தக் கடற்கரையில் ஏறத்தாழ நூறு பேர் தப்பினார்கள்.

இக்கதை நமது மேடைகளில் நன்றாகப் பயன்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. அதன் பின் ஒரு வாக்கியம் பாடமாக்கப்படுகிறது: கடல் வற்றினால் ஓடு. நல்ல வாக்கியந்தான், ஆனால் பாதிதான் சரி. கடலடித் தட்டு உடைந்தபோது பிளவின் கிழக்குப் பக்கத்தில், தாய்லாந்தை நோக்கி, முதலிற் போனது அலையின் பள்ளம்; அதனால் அங்கே கடல் முதலில் வற்றியது. மேற்குப் பக்கத்தில், எங்களை நோக்கி, முதலில் வந்தது அலையின் முகடு. எங்கள் கரையிற் கடல் முதலில் ஏறியது. அதன் பின் வற்றியது. அந்த வற்றலைப் பார்க்கப் போனவர்களும் உண்டு. வாக்கியத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளை முதலலை ஏறும்போது வற்றலுக்காகக் காத்து நிற்கும். அலைக்கு முகடும் பள்ளமும் உண்டு, எது முன்னால் வரும் என்பது நாம் நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது என்று ஒரு தாம்பாளத் தண்ணீரிற் காட்டப்பட்ட பிள்ளை இரண்டு நிலையிலும் ஓடும். விஞ்ஞானத்தைத் தகவலாகச் சொல்வதற்கும் விளங்க வைப்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் எங்கள் ஊரில் ஓர் ஒழுங்கையின் நீளம்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒரு சாட்சியையும் நானே கொண்டுவர வேண்டும். சுமாத்திராவுக்கு மிக அண்மையில், ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்த சிமெலுவே தீவில் அன்று எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். இறந்தவர் ஏழு பேர். அவர்களைக் காப்பாற்றியது ஆய்வுகூடமோ பாடப் புத்தகமோ இல்லை, கதை. 1907இல் வந்த பேரலையை 'ஸ்மோங்' என்ற பெயரில் பாட்டன்மார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்கள். ஆகவே கதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கதையின் உள்ளே என்ன இருந்தது என்றுதான் பார்க்கிறேன். நிலம் பலமாக ஆடினால், கடல் ஒதுங்கினால், மேட்டுக்கு ஓடு என்று கேட்பவனின் கண்ணுக்கும் காலுக்கும் அதில் வேலை இருந்தது. நமது மேடைக் கதையில் வேலை முழுவதும் கைதட்டும் கைகளுக்குத்தான்.

இதே நோய் வேறொரு வடிவத்திலும் நம்மிடம் உண்டு. மீலாத் போட்டிகளிலும் பாடசாலை மலர்களிலும் முஸ்லிம் விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியல் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது. இப்னு சீனா, அல் குவாரிஸ்மி, இப்னு ஹைதம். பிள்ளைக்குப் பெருமை தெரிகிறது. அவர்கள் செய்த வேலை தெரிவதில்லை. 965இல் பஸ்ராவிற் பிறந்த இப்னு ஹைதம் ஒளியைப் பற்றி முன்னோர் சொன்னதை அப்படியே ஏற்காமல், இருட்டறையில் துளை வழியே ஒளியை விட்டுச் சோதித்தவர். அவருக்குச் செலுத்தும் மரியாதை பேச்சுப் போட்டியை விடப் பால்மா டின் ஒன்றிற் கூடுதலாக இருக்கிறது. அடியில் ஆணியாற் சிறு துளை, வாயில் எண்ணெய் தடவிய தாள், தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணி. எங்கள் கரையில் நின்று குடாவை நோக்கிப் பிடித்தால் தோணிகள் தலைகீழாகப் போகும். ஏன் தலைகீழ் என்று கேட்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்போது பெயரைச் சொல்லலாம். அப்போது சொன்னால் மறக்காது.

எங்கள் துறைமுகமே எழுதப்படாத ஒரு விஞ்ஞான நூல். ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, கோணேசர் மலையடியிற் சுழியோடிக் கண்டதை அடுத்த ஆண்டே நூலாக்கினார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானக் கதைசொல்லி எங்கள் தண்ணீரில் நனைந்து எழுதியது ஆங்கில வாசகனுக்காக. 1980களின் முற்பகுதியில் 'டியூலிப்' என்ற படகில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆய்வாளர்கள் வந்து திருகோணமலைக் கடலிலே திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கொன்று ஆழமாக இறங்குவதால், உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் இங்கே கரையோரமாகவே வருகிறது. துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம், திமிங்கிலம் ஏன் இவ்வளவு கிட்டே என்ற இரண்டு கேள்விகளும் இந்தப் பள்ளத்தாக்கைத்தான் சுற்றிவருகின்றன. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுவதையும் சேர்த்து எழுதினால் தரம் 9க்கு ஒரு சிறு நூல் ஆகும். படம் வரையத் தெரிந்த ஒருவரும், மீனவர் ஒருவரும், ஓர் ஆசிரியரும் போதும்.

அந்நூலை எழுத முனைபவர்கள் பதில்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சவாலிராமைப் பின்பற்றி எங்கள் வகுப்பில் ஒரு பிஸ்கட் பெட்டி வைத்திருக்கிறேன். பெயர் எழுதாமல் யாரும் கேள்வி போடலாம். முதல் மாதத்திற் பாதி என்னைச் சோதிக்கப் போட்டவை, சில குறும்பு. மிச்சத்திலிருந்து மூன்றைத் தருகிறேன். மகாவலி கொண்டுவரும் மண் இவ்வளவு காலமாகியும் குடாவை ஏன் நிரப்பவில்லை? காந்தத்தில் ஒட்டாத கரிய மணல் எதனால் ஆனது? கன்னியாவில் ஏழு கிணறும் பக்கத்திற் பக்கத்தில் இருக்க, சூடு மட்டும் ஏன் ஒன்றுபோல் இல்லை? மூன்றாவதற்கு வெப்பமானியோடு அடுத்த வாரம் போகிறோம்.